அண்ணன் சரிசெய்த உறை

ககோஷிமா
ஆகஸ்ட் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் எழுதினால் முதல் வரியில் பருவகாலத்தைச் சொல்ல வேண்டும் என்று தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தவன் நீ. சொல்லிவிடுகிறேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது. எரிமலை இன்றைக்கும் சாம்பலைக் கொட்டியது. காயப்போட்ட மூன்று சட்டைகளையும் மறுபடி துவைத்தேன். நீயும் சயோகோ அண்ணியும் சுகமா? உன் முழங்கால்கள் எப்படி? படியேறும்போது இன்னும் அண்ணியைத் திட்டிக்கொண்டேதான் ஏறுகிறாயா?

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. விடியற்காலையில் குழாயில் மூச்சை ஊதி, குடிக்கவில்லை என்று நிரூபித்து, ஒரு நாளைக்கு நான்கு முறை ஏறி நான்கு முறை இறங்குகிறேன். யாக்குஷிமா, திரும்ப இங்கே, அமாமி, திரும்ப இங்கே. சில நாள் அமாமியிலேயே தங்கல். அங்கேயும் வாள் பயிற்சியை விடுவதில்லை. விமானம் ஓட்டுபவளே ஆனாலும் வாளோடு விமானி அறைக்குள் ஏற முடியாது என்பதால், விடுதி அறையில் குடையைத்தான் உருவுகிறேன். போன வாரம் மேலே ஓங்கியபோது விளக்கு உடைந்தது. "குளவி வந்துச்சா?" என்று கேட்டார் விடுதிக்காரர். "ஆமா, பெருசு" என்றேன். அவர் மறுநாள் குளவி மருந்து கொண்டுவந்து வைத்துவிட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கேப்டன் தேர்வுக்கு என் பெயர் வந்துவிட்டது. அக்டோபர் 20. துணை விமானியாக ஒன்பது வருடம் வலது பக்கம் உட்கார்ந்தவள், அன்றைக்கு இடது இருக்கையில் உட்காரப்போகிறேன். அதற்கு அடுத்த மாதம் 13ஆம் தேதி வாள் பயிற்சியில் ஐந்தாம் படித் தேர்வு. இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்திருக்கின்றன. பயிற்சிக்கூடத்து ஆசான் எபிஹாரா வேறு, "இன்னும் எத்தனை நாளைக்கு மழுங்கல் வாளையே வெச்சு வெளையாடுவே? கூர்வாளுக்கு மாறு" என்கிறார். அவருக்கென்ன, பகலெல்லாம் உட்கார்ந்து பல் செட் செய்கிற மனிதர், சொல்லிவிடுவார்.

அண்ணியிடம் சொல். தெருவில் மட்டும் இப்போதே சொல்லாதே.

தூங்கப் போகும்
தமாக்கி


ஹிதோயோஷி
செப்டம்பர் 4

என் தங்கை தமாக்கிக்கு,

வெயில் இங்கேயும்தான். ஆற்றில் அயு மீன் கொழுத்துவிட்டது, அதுதான் இந்தப் பருவத்துக்கு நான் சொல்லும் ஒரே செய்தி. உன் அண்ணி சுகம். என் முழங்கால்களைப் பற்றிக் கேட்காதே.

தெருவில் சொல்லிவிட்டேன். உன் கடிதம் வந்தபோது தோஃபுக் கடை நிஷி சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்திருந்தார், நான் என்ன செய்ய? "என் தங்கச்சி கேப்டன் ஆகப்போறா"ன்னேன். "தேர்வு எழுதப்போறாளா, ஆகிட்டாளா?"ன்னு கேட்டார். "எழுதினா ஆகிட்ட மாதிரிதான்யா"ன்னேன். சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பெருமைப்பட்டால் வாய் சும்மா இருக்காது, என் சுபாவம் உனக்குத் தெரியாததா?

கூர்வாளுக்கு நீ எங்கேயும் போக வேண்டாம். என் வாளை எடுத்துக்கொள். முப்பது வயதில் ஆசை ஆசையாக வாங்கினேன். மண்டியிட்டால் எழ முடியாமல் போன பிறகு ஏழு வருடமாக அலமாரியில் கிடக்கிறது. நான் நான்காம் படியோடு நின்றுபோனவன். அந்த வாளாவது ஐந்தாம் படியைப் பார்க்கட்டும்.

ஒரே ஒரு குறை. உறையின் வாய் தளர்ந்துவிட்டது. குனிந்தால் வாள் நழுவுகிறது. உறை செய்பவரிடம் கொடுத்தால் நாலு மாதம் ஆகும், உன் தேர்வு முடிந்துபோகும். இருபத்தைந்து வருடமாக சைக்கிள் பழுது பார்க்கிறவனுக்கு இது ஒரு வேலையா? நானே செய்கிறேன்.

சாப்பாட்டைத் தவறவிடாதே.

அண்ணன்
இசாவோ


ஹிதோயோஷி
செப்டம்பர் 18

தமாக்கிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். அவசரமாக எழுதுகிறேன், கிரீஸ் கறை பட்டிருந்தால் பொறுத்துக்கொள்.

உறை முடிந்தது! மரத்தைத் தாள்போலச் சீவி, உள்ளே இரண்டு பக்கமும் ஒட்டினேன். இப்போது என்ன பிடி பிடிக்கிறது தெரியுமா? வாளை உறையோடு தலைகீழாகப் பிடித்து உதறினேன். அசையவில்லை. நிஷியைக் கூப்பிட்டு அவர் முன்னால் இன்னொரு முறை உதறினேன். "உன் கையே கைய்யா"ன்னார். அண்ணிதான், "மரவேலை தெரிஞ்ச ஆள்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்களேன்" என்று முனகினாள். மரத்தைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

25ஆம் தேதி பேருந்தில் கொண்டுவருகிறேன். வாளின் பதிவுத் தாளும் கூடவே வரும். அதைத் தொலைத்தால் போலீஸிடம் நீதான் பதில் சொல்ல வேண்டும்.

இசாவோ


ககோஷிமா
அக்டோபர் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

காலையில் சட்டைக்கு மேல் ஒன்று போட வேண்டியிருக்கிறது. பருவம் முடிந்தது, அடுத்ததற்குப் போகிறேன். வீடு போய்ச் சேர்ந்தாயா? பேருந்தில் முழங்காலை மடக்கியே உட்கார்ந்திருந்தது வலித்ததா? அண்ணி கொடுத்தனுப்பிய செஸ்ட்நட் கொட்டைச் சோறு இரண்டு வேளைக்கு வந்தது. நான் இங்கே சுகம்.

உன் வாள் என் வாளைவிடக் கனம். ஆனால் ஓங்கினால் தானே போகிறது. முதல் நாள் உருவியபோது அது காற்றை அறுத்த சத்தத்தில் கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எபிஹாரா மட்டும், "சத்தம் வாளோடது. உன்னோடது எப்ப வரும்?" என்றார்.

துருப்பிடிக்காமல் இருக்க அலகுக்குக் கிராம்பு எண்ணெய் பூசுகிறேன் அல்லவா, அந்த வாசனை கையை விட்டுப் போவதில்லை. நேற்று பக்கத்தில் இருந்த கேப்டன் ஹிதாகா, கடல் மேல் பறந்துகொண்டிருக்கும்போது, "பல்வலியா?" என்று கேட்டார். "இல்ல சார், வாள்" என்றேன். முன்னால் பார்த்தபடியே, "பல்வலின்னே சொல்லியிருக்கலாம்" என்றார்.

தேர்வுக்கு ராப்பகலாகப் படிக்கிறேன். புத்தகத்தை மூடினால் வாள், வாளை வைத்தால் புத்தகம். இரண்டும் ஒன்றையொன்று தின்னும் என்று பயந்தேன். அப்படி இல்லை. வாளை உருவுவது யார் வேண்டுமானாலும் செய்வார்கள், பார்க்காமல் பத்திரமாக உறைக்குள் திரும்பப் போடுவதில்தான் ஆள் தெரியும். எங்கள் வேலையும் அப்படித்தான். ஏறுவதற்கு யாரும் கைதட்டுவதில்லை.

உறை நன்றாகப் பிடிக்கிறது. கடைசி அரை அங்குலம் கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான்.

உன் தங்கை
தமாக்கி


ஹிதோயோஷி
அக்டோபர் 8

தமாக்கிக்கு,

இங்கே செஸ்ட்நட் முடிந்து பேரிக்காய் வந்துவிட்டது. நாங்கள் சுகம்.

இறுக்கமா? அதுதானம்மா வேண்டும்! தளர்வாக இருந்ததைத்தானே சரிசெய்தேன். பழகப் பழக இளகும். ஒரு அழுத்து அழுத்தினால் உட்காரும்.

20ஆம் தேதி சாயங்காலத்துக்கு சிவப்புப் பயறுச் சோறு செய்யச் சொல்லியிருக்கிறேன், முப்பது பேருக்கு. நிஷி தோஃபு இனாம் என்கிறார். நீ வர முடியாது, தெரியும். நீ இல்லாமலே சாப்பிடுவோம். கடை வாசலில் வைக்க ஒரு பலகையும் எழுதி வைத்திருக்கிறேன். என்ன எழுதியிருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன்.

நம் வீட்டில் யாரும் கேப்டன் என்று எதற்கும் இருந்ததில்லை, தமாக்கி. பள்ளிக்கூடத்தில் கைப்பந்து அணிக்குக்கூட இல்லை.

அண்ணன்


ககோஷிமா
அக்டோபர் 17

அண்ணா,

பருவம், நலம் எதையும் எழுத இன்றைக்குக் கை ஓடவில்லை. வலது கை நன்றாகத்தான் இருக்கிறது. இடது கையில் ஆறு தையல்.

நேற்று பயிற்சியில் உன் உறை பிளந்தது. மூன்றாவது அடவு முடிந்து வாளை உறைக்குள் விட்டேன். கடைசி அரை அங்குலம் வழக்கம்போல் இறுகியது, வழக்கம்போல் அழுத்தினேன். மேல் விளிம்பில் ஒட்டு விட்டுப்போய், அலகு மேலே வந்து பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறங்கிவிட்டது. வலிக்கவே இல்லை. தரையில் சொட்டியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எபிஹாரா என் கையைக் கட்டிவிட்டு உறையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "யாரு பாத்த வேலை இது?" என்றார். உன் பெயரை நான் சொல்லவில்லை. "உறைங்கறது ரெண்டு பாதிய சோத்துப் பசையால ஒட்டினது. உள்ளுக்குள்ள மேலயும் கீழயும்தான் பிடிக்கணும். இவன் ரெண்டு பக்கவாட்டுலயும் அடைச்சு வெச்சிருக்கான். ஒவ்வொரு தடவ வாள் உள்ள போறப்பவும் ஆப்பு அடிச்ச மாதிரிதான். பொருந்தாத பல்ல நெருக்கி வெச்சா பக்கத்துப் பல்லு பெயரும்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

ஆனால் குற்றம் உன்னுடையது மட்டும் இல்லை, அண்ணா. ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் கைப்பிடியின் ஆணியையும் உறையையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆணியைப் பார்த்தேன். உறையைப் பார்க்கவில்லை. ஒன்பது வருடத்தில் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் ஒரு நாளும் ஏறியதில்லை. மழையில்கூடச் சுற்றியிருக்கிறேன். உன் உறையை ஏன் பார்க்கவில்லை தெரியுமா? நீ சரிசெய்தது என்பதால்.

இன்று காலை வெள்ளைக் கையுறையை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கட்டு வெளியே தெரியவில்லை. பேருந்து ஓட்டுபவர்கூடக் கையுறை போடும் நாட்டில் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. மூன்று நாள் சமாளித்தால் தேர்வு முடிந்துவிடும். கண்ணாடி முன் ரொம்ப நேரம் நின்றேன். பிறகு விரல்களை மடக்கினேன். முழுதாக மடங்கவில்லை. இடது இருக்கையில் உட்கார்ந்தால், தரையில் விமானத்தைத் திருப்புவது இடது கைதான். அந்தக் கையை நம்பி அறுபது பேரை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

அலுவலகத்துக்குப் போய், பறக்கத் தகுதியில்லை என்று நானே எழுதிக்கொடுத்தேன். எங்கள் விமானிகளுக்குப் பொறுப்பான கேப்டன் ஹிதாகா அங்கே இருந்தார். "இன்னும் மூணு நாள்ல தேர்வு, தெரியும்ல?" என்றார். "தெரியும் சார்." "சின்னக் காயம்தானே?" "பிடி சரியா இல்ல, சார்." அவர் தாளை வாங்கிக்கொண்டார். "அப்ப எறங்கிடு" என்றார். என் இடம் நாகதோமோவுக்குப் போய்விட்டது. எனக்கு நான்கு வருடம் இளையவன். எனக்கு அடுத்த முறை எப்போது என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த முறை உண்டா என்றுகூடச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அழுதேன். கைக்காக இல்லை. முப்பது பேருக்குச் சொல்லி வைத்த சோற்றை நினைத்து.

தமாக்கி

(இந்தக் கடிதம் உறையிலிடப்பட்டு, பெயர் எழுதி, தபால்தலை ஒட்டப்பட்டது. தபாலில் சேர்க்கப்படவில்லை.)


ககோஷிமா
அக்டோபர் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

மலைகளில் இலை சிவக்கத் தொடங்கியிருக்கும் இந்த நாட்களில் நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் நலம்.

ஒரு சின்ன ஏமாற்றம். கம்பெனி தேர்வுகளை மாற்றி அமைத்திருக்கிறது. 20ஆம் தேதி எனக்கு இல்லை. வசந்தத்துக்கு மேல் இருக்கலாம். வேலை நெருக்கடியால் ஐந்தாம் படித் தேர்வுக்கும் இந்த முறை போகவில்லை. சோற்றை வேண்டாம் என்று சொல்லிவிடு. நிஷியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

உன் வாள் பத்திரமாக இருக்கிறது.

தமாக்கி


ஹிதோயோஷி
நவம்பர் 10

தமாக்கிக்கு,

குளிர் வந்துவிட்டது. மூன்று வாரமாக எழுதவில்லை, கோபத்தில் இருந்தேன். உன் மேல் இல்லை.

மாற்றி அமைத்தார்களாமே, அது எப்படி உனக்கு மட்டும் மாற்றி அமைத்தார்கள்? நிஷியின் மருமகன் கணினியில் தேடிப் பார்த்தான். நாகதோமோ என்று ஒரு பையன் கேப்டன் ஆகிவிட்டானாம், படத்தோடு போட்டிருக்கிறது. உன்னைவிடச் சின்னவன். பொம்பளை என்பதால் மட்டம் தட்டுகிறார்களா? வாயைத் திறந்து சொல். உன் மேலதிகாரிக்கு நானே கடிதம் எழுதுகிறேன். முதல் வரியில் பருவம் எழுத மாட்டேன், நேராக விஷயத்துக்குப் போவேன்.

சோற்றை நிறுத்த முடியவில்லை. பயறு ஊறிவிட்டது. முப்பது பேரும் வந்து ஒன்றும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பலகையைத் திருப்பி வைத்திருக்கிறேன்.

உன் கடிதத்தில் "நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்" என்று இருந்தது. சந்தா கேட்டு எழுதுகிறவன்போல ஏன் எழுதினாய்? உண்மையிலேயே நலமா?

இசாவோ


ககோஷிமா
டிசம்பர் 27

அண்ணாவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. ஆண்டுக் கடைசியில் எல்லோரும் ஊருக்குப் போகிறார்கள், விமானத்தில் இடமே இல்லை. புத்தாண்டுக்கு நான் வர முடியாது, பணி. எனக்கும் சேர்த்து அண்ணி கையால் மோச்சிக் கொழுக்கட்டை சாப்பிடு. தொண்டையில் சிக்காமல் சாப்பிடு.

யாரும் என்னை மட்டம் தட்டவில்லை. தயவுசெய்து கம்பெனிக்கு எழுதாதே. நாகதோமோ நன்றாக ஓட்டுகிறான். அவனோடு பறக்கிறேன், அவனை "கேப்டன்" என்று கூப்பிடுகிறேன். முதல் நாள் அவனுக்குத்தான் முகம் சிவந்தது.

நலம்தான். நிஜமாக.

தமாக்கி


(சமையலறை மேசை மேல் வைக்கப்பட்ட கடிதம்)

பிப்ரவரி 11, உன் வீட்டில், மத்தியானம்

தமாக்கி,

ஆரஞ்சுப் பெட்டியும் அண்ணி போட்ட முள்ளங்கி ஊறுகாயும் கொண்டுவந்தேன். நீ அமாமிக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரம்மா சொன்னார். நீ கொடுத்த சாவி இருந்தது. வந்தது வந்தோம், வாளுக்கு எண்ணெய் போட்டுவிட்டுப் போகலாம் என்று அலமாரியைத் திறந்தேன். என் வாள் புது உறையில் இருந்தது. என் உறை நூலால் கட்டி, துணியில் சுற்றிப் பக்கத்தில் இருந்தது. உள்ளே கறை. அதோடு ஒரு கடிதம். என் பெயர் எழுதி, தபால்தலை ஒட்டியிருந்தது. என் பெயருக்கு வந்த கடிதம் என்பதால் திறந்தேன்.

அரை மணி நேரம் உன் தரையில் உட்கார்ந்திருந்தேன். மண்டியிட்டு. எழுந்திருக்க அலமாரியைப் பிடிக்க வேண்டியிருந்தது.

தலைகீழாக உதறிக் காட்டினேனே! நிஷியைக் கூப்பிட்டு இரண்டு முறை உதறினேனே! ஒரு அழுத்து அழுத்து என்று நான்தானே எழுதினேன்! நாலு மாதமாக உன் கம்பெனியைத் தெருத்தெருவாகத் திட்டிக்கொண்டிருந்தவன் நான். உன் இருக்கையைப் பிடுங்கியவன் என் கடையிலேயே கிரீஸ் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஏன் சொல்லவில்லை? நான் உடைந்துபோவேன் என்றா? ஆமாம், உடைந்துதான் போயிருப்பேன். அதற்காக என்னைச் சின்னப்பிள்ளையாக்கி மூடி மறைப்பாயா? உன் கை பிடிக்கவில்லை என்று முகம் தெரியாத அறுபது பேருக்காக உண்மையைச் சொன்னவள், என்னிடம் மட்டும் பொய் சொல்லியிருக்கிறாய். அதுதான் எனக்கு ஆறவில்லை.

உறையை எடுத்துக்கொண்டு போகிறேன். அது என்னுடையது. ஊறுகாய் ஐஸ்பெட்டியில்.

இசாவோ


ககோஷிமா
பிப்ரவரி 14

அண்ணா,

பிளம் மரம் பூத்துவிட்டது. அமாமியிலிருந்து வந்ததும் படித்தேன். முழங்கால் வீங்கியிருக்குமே, ஒத்தடம் கொடுத்தாயா?

நீ சொன்னது சரி. உனக்கு வலிக்கக் கூடாது என்று மறைத்தேன் என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதி என் கர்வம். சோதித்துப் பார்க்காமல் உறையை நம்பியவள் என்று உன் வாயால் கேட்க எனக்கு விருப்பமில்லை. மன்னித்துவிடு.

கை முழுதாக மடங்குகிறது. ஒரு செய்தி: போன வாரம் கேப்டன் ஹிதாகா கூப்பிட்டார். "மே மாசம் உனக்குத் தேர்வு. அன்னிக்கு நீயா வந்து தாளைக் குடுத்தேல்ல, அப்பவே இது முடிவாயிடுச்சு" என்றார். அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "நீ கேக்கலையே" என்றார்.

இந்த முறை தெருவில் சொல்லாதே.

தமாக்கி


ஹிதோயோஷி
ஏப்ரல் 9

தமாக்கிக்கு,

செர்ரிப் பூ உதிர்ந்து சாக்கடையெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. முழங்கால் பழையபடி. அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். "மரத்தைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்" என்று நான் உனக்கு எழுதியதைச் சொல்லிவிட்டேன், இரண்டு வாரமாகச் சோறு நானே போட்டுக்கொள்கிறேன்.

உறையைக் கடையில் மாட்டியிருக்கிறேன். பிரேக் கட்டைகள் அடுக்கிய தட்டுக்கு மேலே, நூலைக்கூடப் பிரிக்காமல். வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சொல்கிறேன். "இது நான் பாத்த வேலை. தெரியாத வேலைய தெரிஞ்ச மாதிரி செஞ்சேன், என் தங்கச்சி கையக் கிழிச்சேன்" என்கிறேன். நேற்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார், "பிரேக் கொஞ்சம் வழுக்குது, பரவால்ல, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார். உறையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அங்கேயே நின்று பிரேக்கை மாற்றிக்கொண்டு போனார்.

மே மாதத் தேர்வைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சத்தியம்! அதைச் சொல்ல எனக்கு அவசியமே இல்லை, தமாக்கி. சொல்ல வேறு ஒன்று இருக்கிறது. பழைய பலகையைச் சுரண்டிவிட்டு வேறு எழுதினேன். என்ன என்று சொல்ல மாட்டேன்.

பெருமையில் தூக்கம் வராத
அண்ணன்


ககோஷிமா
ஜூன் 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

மழைக்காலம் தொடங்கி ஒரு வாரம் ஆயிற்று. எல்லாமே பூஞ்சை பிடிக்கிறது, வாள் மட்டும் இல்லை. நீ, அண்ணி, முழங்கால்கள், மூவரும் சுகமா?

முதலில் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் படியில் போன மாதம் தோற்றேன். எபிஹாரா சொன்னார், "உறையில போடறப்ப கையப் பாத்தே. நடுவருங்க ஆறு பேரும் அதத்தான் குறிச்சுக்கிட்டாங்க." பார்த்தேன்தான். வெட்கமாக இல்லை. நவம்பரில் பார்க்காமல் போடுவேன்.

கேப்டன் தேர்ச்சியை உன்னிடம் தொலைபேசியில் கத்தியாயிற்று. நேற்று கேப்டனாக முதல் பயணம், யாக்குஷிமாவுக்கு. நல்ல மழை, காற்று. இடது கையால் விமானத்தைத் திருப்பி, அதன் இடத்தில் நிறுத்தினேன். பயணிகளுக்குக் குடை கொடுக்க ஆள் போதவில்லை என்று நானும் இறங்கிப் படிக்கட்டின் அடியில் நின்றேன். கடைசியாக ஓர் அம்மா இறங்கினார், ஐம்பது வயது இருக்கும், மலையேறும் காலணி போட்டிருந்தார். குடையை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"அறிவிப்புல கேப்டன் மிசோகுச்சின்னாங்களே, நீங்களா?"

"ஆமாம்மா."

"எனக்கு ஊரு ஹிதோயோஷி. மிசோகுச்சி சைக்கிள் கடை…"

"என் அண்ணன்தான்" என்றேன். சரி, மே மாதத்தைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாய், கேப்டன் ஆனதற்கு வாழ்த்தப் போகிறார் என்று நினைத்தேன். உன்னைத் திட்டக்கூட ஆரம்பித்துவிட்டேன், மனதுக்குள்.

"அப்ப, கடைப் பலகையில எழுதியிருக்கே, கை சரியில்ல, நான் பறக்க மாட்டேன்னு சொன்னவங்க நீங்கதானா?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

அவர் என் இடது கையை எடுத்து, வடுவைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவிப் பார்த்தார். "பேரக் கேட்டதுமே நெனச்சேன்" என்றார். "அதான் இந்தக் காத்துலயும் வழி முழுக்கத் தூங்கிட்டு வந்தேன்."

உன் தங்கை
தமாக்கி